சனிக்கிழமைக் கேன்கள்

டாக்டர் பெலிசிட்டா எங்கள் தெருவுக்குக் குடிவந்த முதல் வாரத்திலேயே அவர் ஏன் வந்தார் என்பதற்கு மூன்று காரணங்கள் கண்டுபிடித்துவிட்டோம். புருஷனோடு தகராறு. வேலையில் ஏதோ விசாரணை. கடல் காற்று. மூன்றும் தப்பு. முதல் இரண்டும் என் கண்டுபிடிப்பு.

வெளிநாட்டில் பதினோரு வருடம் இருந்துவிட்டு வந்த ஆராய்ச்சிக்காரி, தூத்துக்குடியில் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் தெருவில், என் எதிர்வீட்டை எதற்கு வாடகைக்கு எடுக்க வேண்டும்? எனக்குத் தெரிந்தாக வேண்டும். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், பிள்ளைகள் இரண்டும் வெளியூரில். பகல் முழுக்க எனக்கு வாசலில்தான் உத்தியோகம். ஒரு கிண்ணம் சாளைமீன் குழம்பை எடுத்துக்கொண்டு போனேன்.

"நீங்க ஊசி போடுற டாக்டரா, படிக்கிற டாக்டரா?"

"படிக்கிற டாக்டருதான்க்கா. கிட்னிக்குள்ள ஒரு வாசல் இருக்கு. அதைத்தான் ஆராய்ச்சி பண்றேன்."

"எத்தன வருசமா?"

"முப்பத்தொண்ணு."

"ஒரே வாசலையா?"

அவர் சிரித்தார். முன்பல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும். சிரித்தால் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிடுவார். "உடம்புக்கு வேண்டிய உப்பைத் திருப்பி உள்ள எடுத்துக்கும். பொட்டாசியம்னு ஒண்ணு, அது கூடுனா வெளிய தள்ளும். ஒவ்வொரு செல்லுலயும் இந்த வாசல் லட்சக்கணக்குல இருக்கு. எல்லாம் மூடிக்கிட்டா மனுஷன் நின்னுருவான்."

"பொட்டாசியம்னா விஷமா?"

"வாழைப்பழத்துல இருக்கு, இளநீர்ல இருக்கு. அளவா இருந்தா நெஞ்சு துடிக்கும். ஏறுனா நெஞ்சு நின்னுரும்."

தவளைத் தோலில் ஆரம்பித்தாராம். பிறகு எலி. அப்புறம்தான் மனிதன். தவளையிலிருந்து எங்கள் தெருவுக்கு வர முப்பத்தொரு வருடம் ஆகியிருக்கிறது.

வந்த இடம் சரிதான். உப்பளத்தில் வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், பாத்தியிலிருந்தும் அடிக்கும். ஒதுங்க இடம் கிடையாது என்பதால் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். நாற்பது வயதில் கிட்னி உட்கார்ந்துவிடும். எங்கள் தெருவில் மட்டும் பதினோரு பேர், வாரம் மூன்று நாள் திருநெல்வேலிக்குப் போய் டயாலிசிஸ் மெஷினில் படுத்துவிட்டு வந்தார்கள். அவர்களில் ஆறு பேருக்குத்தான் டாக்டரம்மா அந்தச் சல்லடையை வைத்தார். அதற்கு ஆங்கிலத்தில் பெரிய பெயர் உண்டு. தெருவுக்கு அது சல்லடை. உள்ளங்கையில் பாதி அளவு, இடுப்பில் தோலுக்கு அடியில் இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மூத்திரப்பைக்குப் போகும். மெல்லிய தகட்டின் மேல் உயிருள்ள கிட்னி செல்கள். உடம்பு அதை அந்நியன் என்று அடையாளம் காணாதபடி மேலே ஒரு பூச்சு. ஆறு பேரும் மெஷினை விட்டு எழுந்து வேலைக்குப் போனார்கள்.

ஆறு பேரும் ஆண்கள். அதற்கும் தெரு ஒரு காரணம் சொன்னது. அதை இங்கே எழுத முடியாது.

சனிக்கிழமைதோறும் ஆறு பேரும் ஆளுக்கொரு ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன் கொடுக்க வேண்டும். வெள்ளி காலையிலிருந்து சனி காலை வரைக்கும் போகிற சிறுநீர் மொத்தமும் அதில் இருக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான். நடுவில் கேன்தான் சாட்சி. ஆராய்ச்சி நிலையத்து வண்டி வருவது எட்டு மணிக்கு. அளத்துக்குப் போகிறவர்கள் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவார்கள். எப்போதும் ஆள் இருக்கிற வீடு தெருவில் ஒன்றுதான். அதனால் கேன்களெல்லாம் என் காம்பவுண்டுக்குள் வந்து உட்கார்ந்தன. "புஷ்பம் மைனி கஸ்டடி" என்று கேலி செய்தார்கள். நான் மூடியைத் திருகிப் பார்த்து, பெயர்ச்சீட்டைச் சரிபார்த்து அனுப்புவேன். ஒரு பதவி மாதிரிதான்.

சாயங்காலம் டாக்டரம்மா வீடு வீடாகப் போய்ச் சல்லடை இருக்கும் இடத்தை அழுத்திப் பார்ப்பார். அதில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அழுத்திப் பார்க்க அரை நிமிடம் போதும். இவர் கையை வைத்தால் எடுக்கவே மாட்டார். கண்ணை மூடிக்கொள்வார். இசக்கிமுத்துவிடம் மட்டும் இன்னும் அதிக நேரம். இசக்கியின் பெண்டாட்டி பிரம்மசக்தி என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினாள்.

"இது என்ன வைத்தியம் மைனி? சாமி கும்புடுற மாதிரில்லா நிக்காவ?"

"நான் கேட்டுச் சொல்லுதேன்" என்றேன். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

கிண்ணத்தைத் திரும்ப வாங்கப் போகிற சாக்கில் போனேன். மேசையில் ஆறு கோப்புகள். ஒவ்வொன்றின் முதுகிலும் நோயாளி பெயர் இல்லை. ஷைனி ஒன்று, ஷைனி இரண்டு என்று ஆறு வரை எழுதியிருந்தது.

"ஷைனின்னா மருந்தா டாக்டரம்மா?"

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "எம்மவ" என்றார். "பத்தொம்பது வயசு. பாளையங்கோட்டைல காலேஜு. ஸ்கூட்டர்ல வந்தவள லாரி இடிச்சுட்டு. கண்ணு, ஈரல், ஒரு கிட்னி எல்லாம் தானமா குடுத்தோம். இன்னொரு கிட்னி நசுங்கிப் போச்சு, யாருக்கும் வைக்க முடியாதுன்னுட்டாங்க. அத நான் எடுத்துக்கிட்டேன்."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நம்ப மாட்டீர்கள், ஆனால் ஒட்டிக்கொண்டது.

"அதுக்கு முந்தி இருபத்தாறு வருஷமா எந்தச் செல்லும் தகட்டுல நிக்கல. நாலு நாள்ல செத்துரும். இவ நின்னா. அதான் ஆம்பளைங்களா பார்த்து வெச்சேன்க்கா. ஆம்பளை கேன்ல பொம்பளை செல்லு உதிர்ந்து வந்தா, அது இவதான். தனியா எண்ணிரலாம். பத்து, பதினஞ்சு உதிரும், அது வழக்கம். ஸ்கிரீன்ல பெருசு பண்ணிப் பார்ப்பேன்." பிறகு, "யாருகிட்டயும் சொல்லிராதீங்க. அவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும்" என்றார்.

"நான் யாருகிட்ட டாக்டரம்மா சொல்லப் போறேன்?"

விளக்கு வைப்பதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

யாருக்கும் ஒரு மாதிரியாக இல்லை. செப்டம்பர் பதினாலு ஷைனி பிறந்தநாள் என்பதையும் நான் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தேன். அன்று சாயங்காலம் ஆறு பேரும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பேக்கரி கேக்கோடு அவர் வாசலில் போய் நின்றார்கள். கேக்கில் பச்சை கிரீமில் ஷைனி என்று எழுதியிருந்தது. டாக்டரம்மா கேக்கைப் பார்த்தார். பிறகு அவர்கள் தலைக்கு மேலே, என் வாசலைப் பார்த்தார். நான் துவைக்காத துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"பாப்பாக்கு எத்தன வயசு டாக்டரம்மா?" என்று இசக்கி கேட்டான்.

"இருபத்தஞ்சு" என்றார் அவர். பத்தொன்பது என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் கையை வைத்தால் ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பார்கள். பிரம்மசக்தி பக்கத்தில் நாற்காலி போட்டாள்.

ஜனவரியில் எடுத்த இரத்தம் நன்றாகவே இருந்தது. பிப்ரவரிக் கேன்களில்தான் இசக்கியின் கணக்கு ஏறியது. நானூற்றுப் பத்து. டாக்டரம்மா என் காம்பவுண்டில் வைத்தே அவனிடம் சொன்னார்.

"செல்லு உதிருது இசக்கி. இன்னும் நாலஞ்சு வாரம் பார்ப்போம். எறங்கலைன்னா எடுத்துரணும்."

"எனக்கு மட்டுந்தானம்மா?"

"ஆறு பேருக்கும். எல்லாம் ஒரே செல்லுல வளர்த்ததுதான? ஒண்ணு உதிர்ந்தா எல்லாம் உதிரும். உறைபெட்டில மிச்சம் இருக்கறதையும் எரிச்சுரணும். அதுதான் விதி."

"எந்தப் படுபாவி எழுதுன விதி?" என்றேன் நான்.

"நான்தான்க்கா எழுதுனேன்."

சொல்லிவிட்டு நடந்து வீட்டுக்குள் போனார். ஒரு தெருவைக் கடக்க ஒரு மனுஷிக்கு அவ்வளவு நேரம் ஆகி நான் பார்த்ததில்லை. இசக்கி காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து நின்றான்.

"அந்தப் பிள்ளைய ரெண்டாந்தரம் சாவக் குடுக்கணுமாம் மைனி. கேட்டியளா?"

"ஒனக்கு மறுபடி மெஷின்ல படுக்கணும்னு பயமா, இல்ல பிள்ளைக்காகப் பாக்கியால?"

"ரெண்டையும் எங்கன பிரிக்க?" என்று சிரித்தான். "தண்ணி நெறய குடிச்சுப் பாக்கட்டா?"

"தண்ணி குடிச்சா உதிருறது நிக்குமாக்கும்? கேனுதான் நெறயும்." அப்போதுதான் அவன் கையிலிருந்த காலிக் கேனைப் பார்த்தேன். என் கிட்னியில் ஒரு குறையும் கிடையாது. "அத இங்கன வெச்சுட்டுப் போ" என்றேன்.

இது என் யோசனை. அவன் கேட்கவில்லை. பின்னால் தெரு வேறு மாதிரிப் பேசியது. தெருவுக்கு எல்லாம் சரியாகத் தெரியாது.

மார்ச் மாதம் முதல் முடிவு வந்த அன்று டாக்டரம்மா ஒரு கால் செருப்போடு தெருவைத் தாண்டி ஓடி வந்தார். "ஒம்பது! ஒம்பதுதான்க்கா!" கைபேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். நீல நிறத்தில் உருண்டை உருண்டையாக ஏதோ. "பாருங்க, எப்படித் திரண்டு இருக்குன்னு. போன மாசம் சுருங்கிப் போயில்லா இருந்துச்சு. சின்னதுலயும் இப்படித்தான், காய்ச்சல்ல வத்திப் போவா, நாலே நாள்ல கன்னம் வெச்சுரும்."

"மூக்கும் முழியுமா இருக்கு" என்றேன். அந்தப் படத்தில் இருப்பது என்ன என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற ஆளாக இருந்தால் பேசுகிற ஆளாக இருந்திருக்க மாட்டேன்.

ஏப்ரலில் இன்னும் இரண்டு பேருக்குக் கணக்கு ஏறும்போல இருந்தது. அவர்கள் கேனும் என்னிடம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் குடம் குடமாகக் குடித்து மூன்று கேனுக்கும் பங்கு பிரித்தேன். என் வீட்டுக்காரர், "டாக்டர்ட்ட காட்டேன்டி, என்னேரமும் பாத்ரூம்லயே இருக்கே" என்றார். அந்தக் கணக்குகளோடு டாக்டரம்மா ஹைதராபாத் மாநாட்டுக்குப் போய்ப் பேசினார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். முப்பத்தொரு வருட ஆராய்ச்சிக்கு மகுடம் என்று யாரோ சொன்னார்களாம். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

திரும்பி வந்த சனிக்கிழமை இசக்கியிடம் சொன்னார்: "இனிமே நீ எளனி குடிக்கலாம் இசக்கி. ஒண்ணு. ஒண்ணுதான்."

எட்டு வருடமாக அவனுக்கு இளநீர் ஆகாது. சின்னப் பையன் மாதிரி பிரம்மசக்தியைப் பார்த்தான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு இளநீர் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். அதற்கு முந்தின வாரம்தான் அவன் என்னிடம், "கால் ரெண்டும் தொவளுது மைனி" என்றிருந்தான். "வெயில்ல தொவளாம என்ன செய்யும்?" என்று நான்தான் பதில் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை வேலைக்கு நடுவில் ரோட்டோரம் நிறுத்தியிருந்த வண்டியில் ஒன்று வாங்கிக் குடித்தான். கூட வேலை பார்த்தவர்கள், எட்டு வருசத்துக்கும் சேர்த்துக் குடி என்று இன்னொன்று வெட்டச் சொன்னார்களாம். பாத்திக்குத் திரும்பி, உப்பு வாரும் பலகையை நாலு இழுப்பு இழுத்திருப்பான். உப்பின் மேலேயே உட்கார்ந்தான். பிறகு சாய்ந்தான்.

வெயில் தாக்கிவிட்டது என்று சொல்லித்தான் தூக்கிவந்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் டாக்டரம்மா என் வீட்டுக்கு வந்தார். அவராக வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பிரேதப் பரிசோதனையில் சல்லடையை எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"வெறுந்தகடுக்கா. அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. எல்லாம் எப்பவோ உதிர்ந்து போயிருக்கு. ஆனா அவன் போறதுக்கு மூணு நாளைக்கு முந்தின கேன்ல எட்டுதான் இருந்துச்சு. எனக்குப் புரியல. முப்பத்தொரு வருஷத்துல இப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல. மூணு நாள்ல இப்படி ஆகாதுக்கா."

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன்.

"நல்லவேளை, மத்த அஞ்சு பேரும் நல்லா இருக்காங்க" என்றார். "பத்து, பன்னெண்டு, பதிமூணு, ஏழு, எட்டு. அவங்களுக்குப் பயமில்ல."

அந்த ஏழும் எட்டும் யாருடையது என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இசக்கி வெயிலில் செத்ததாகவே போயிருக்கும். ஆயுளில் நான் சொல்லக் கூடாத எத்தனையோ சொல்லியிருக்கிறேன். சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்வதற்கு அன்றைக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

"டாக்டரம்மா, இசக்கி கேனு இசக்கியோடது இல்ல."

அவர் நிமிர்ந்தார்.

"என்னோடது. மார்ச்சுல இருந்து. இன்னும் ரெண்டு பேரோடதும் என்னோடதுதான். அவங்கள மொதல்ல கூப்புடுங்க."

நான் அடிக்குத் தயாராக இருந்தேன். அவர் கைபேசியை எடுத்தார். ஐந்து பேரையும் அளத்திலிருந்து அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். இரண்டு பேருக்கு நெஞ்சு ஏற்கெனவே தப்பும் தவறுமாக அடிக்கத் தொடங்கியிருந்ததாம். அன்றே மெஷினில் போட்டுப் பிழைக்க வைத்தார்கள்.

பேசி முடித்துக் கைபேசியை மடியில் வைத்தார். அப்புறம்தான் கேட்டார்.

"அப்ப அந்தப் படத்துல இருந்தது?"

நான் ஜன்னலை விட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நீங்களா?"

"எனக்கு அது தெரியாது டாக்டரம்மா."

"பொம்பளை செல்லுன்னு மெஷின் சொல்லுச்சு. வேற எந்தப் பொம்பளை வருவா அங்கன்னு நெனச்சேன். ஆம்பளை செல்லும் கூட இருக்கணும், அத எண்ணக்கூட இல்ல. எண்ணத் தோணல." கைகளை விரித்துப் பார்த்தார். "அதுகிட்டப் பேசியிருக்கேன்க்கா. மூணு மாசமா. சாப்ட்டியான்னு கேட்டிருக்கேன்."

முதல்முறையாக நான் அழுதேன். அவர் அழவில்லை. எழுந்து, எதிர்வீட்டுக்குப் போனார்.

ஜூன் மாதம் ஐந்து சல்லடைகளையும் எடுத்தார்கள். உறைபெட்டியில் மிச்சம் இருந்ததை எரிக்கும்போது கையெழுத்துப் போட வேண்டிய ஆள் அவர்தான், போட்டார். ஹைதராபாத்தில் பேசிய பேச்சு பொய்க்கணக்கு என்று அவரே எழுதிக் கொடுத்தார். கேன் மாறியது நோயாளிகளின் தப்பு என்று எழுதவில்லை. சரிபார்க்காதது தன் தப்பு என்று எழுதினார். விசாரணை வைத்தார்கள். எனக்கும் கடிதம் வந்தது, உள்ளதைச் சொன்னேன். ஆராய்ச்சி நிலையத்தில் அவர் அறையை வேறு ஒருவருக்குக் கொடுத்து, இவரை அவருக்குக் கீழே போட்டார்கள். தெருவில் என்னோடு யாரும் பேசுவதில்லை. வாசலில் உட்கார்ந்தால் எதிரே வருகிறவர்கள் தெருவைக் கடந்து அந்தப் பக்கமாகப் போகிறார்கள். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியாத காலமும் வந்தது.

ஆகஸ்டில் டாக்டரம்மா வந்தார். உட்காரவில்லை.

"உங்க செல்லு வேணும்" என்றார். "ஊசி வெச்சு ஒரு துணுக்கு எடுப்பாங்க. வலிக்கும்."

"எதுக்கு?"

"மூணு மாசம் பார்த்திருக்கேன்ல? அவ்வளவு நல்ல செல்லு நான் பார்த்ததில்ல. தகட்டுல நிக்கும்னு தோணுது. அந்த அஞ்சு பேரும் மெஷின்ல கெடக்காங்க."

"எம்மேல கோவம் இல்லையா டாக்டரம்மா?"

"இருக்கு" என்றார். "ஆனா செல்லு நல்லா இருக்கு."

கொடுத்தேன். நின்றது. இப்போது ஐந்து பேரும் எழுந்து வேலைக்குப் போகிறார்கள். கேனை என் வீட்டில் வைப்பதில்லை. ஆராய்ச்சி நிலையத்து ஆள் ஐந்து மணிக்கே வந்து கையோடு வாங்கிப் போகிறான். இரத்தம் வாரம் ஒருமுறை. டாக்டரம்மா கணக்கை மட்டும் பார்க்கிறாராம். படத்தைப் பெரிதாக்குவதில்லையாம்.

போன வாரம் பிரம்மசக்தி வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். இசக்கி போனதிலிருந்து அவள் என் வாசலில் நின்று நான் பார்க்கவில்லை. இளைத்திருந்தாள்.

"எம்மவனும் ரெண்டு வருசமா அளத்துக்குத்தான் போறான். அவனுக்கும் கிட்னி கொறஞ்சுட்டாம்" என்றாள். "அவனுக்கும் சல்லடை வைக்கணும்னு சொல்லிட்டாவ. ஒங்களதாம்ல."

"ஆமா."

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும்" என்றாள். "ஒங்க வாயி அவனுக்கு வந்துராதுல்ல மைனி?"

"வராது பிரம்மசக்தி" என்றேன். "நான் டாக்டரம்மாட்ட அப்பவே கேட்டுட்டேன்."